நாடா அறுந்த பிறகு

(கிழக்குத் தாம்பரத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்.)



முப்பதாண்டுகளுக்கு மேல் விசிலும் ஸ்டாப் வாட்சுமாக வாழ்ந்தவன் நான். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் என்று இந்தப் பக்கத்து மண் மைதானங்களில் என் செருப்புத் தேய்ந்திருக்கிறது. சினிமா பற்றிப் பேசுங்கள் என்று வட்டத்து நண்பர்கள் கேட்டபோது, ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். 1964-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளைக் கோன் இச்சிகாவா என்ற ஜப்பானிய இயக்குநர் படமாக்கினார். 1965-இல் வெளிவந்த அந்த ஆவணப்படத்தின் பெயர் ‘டோக்கியோ ஒலிம்பியாட்’. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். விளையாட்டைப் பற்றி உலகில் எடுக்கப்பட்ட படங்களில் இதற்கு இணையானவை மிகச் சில.

படத்துக்குப் போவதற்கு முன் ஒரு பழைய கடனைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டல விளையாட்டுப் போட்டி. இருநூறு மீட்டர் மண் டிராக். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். முடிவுக்கோட்டில் நான் நிற்கிறேன். முதல் மூன்று பையன்கள் வந்துவிட்டார்கள். நாடா அறுந்தது, பெயரை எழுதிக்கொண்டேன், மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறான். ஒல்லியான உடம்பு, வெறுங்கால். இரண்டு சுற்றுகள் பாக்கி. அடுத்தது ரிலே. சுண்ணாம்புத் தூளோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள். வெயில் ஏறுகிறது. நான் விசிலை ஊதி, “போதும்ப்பா, வெளியே வா” என்றேன். “சார், இன்னும் ரெண்டு ரவுண்டுதான் சார்” என்று ஓடிக்கொண்டே சொன்னான். “அதான் முடிஞ்சிடுச்சே, வாப்பா” என்றேன். அவன் வேகத்தைக் குறைத்து, டிராக்கை விட்டு இறங்கி, வேப்பமரத்தடிக்கு நடந்து போனான். சுண்ணாம்புக்காரர் அவன் ஓட வேண்டிய இடத்தின் மேலேயே கோடு போட ஆரம்பித்தார்.

அவன் பெயர் எனக்கு நினைவில்லை. எழுதியிருந்தால் அல்லவா நினைவிருக்கும்? நான் எழுதியது மூன்று பெயர்கள்தாம்.

ஓய்வுபெற்ற பிறகு நண்பர் ஒருவர் கொடுத்த டிவிடியில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அதில் ஓர் இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அந்த இடத்துக்குக் கொஞ்சம் சுற்றித்தான் உங்களை அழைத்துப் போக வேண்டும்.

படம் சூரியனில் தொடங்குகிறது. திரை நிறையச் சிவந்த சூரியன். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கிறோம்? கொடி, அணிவகுப்பு, மைதானம்? வருவது ஓர் இரும்புக் குண்டு. கிரேனில் தொங்கும் கனத்த குண்டு பழைய கட்டடங்களின் சுவரில் மோதுகிறது. செங்கல் சரிகிறது, புழுதி கிளம்புகிறது. போரில் எரிந்து கருகிய ஒரு நகரம் பத்தொன்பது ஆண்டுகளில் தன்னை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டது என்பதை வசனம் எதுவும் இல்லாமல் அந்தக் குண்டு சொல்லிவிடுகிறது. தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஜி.எஸ்.டி. சாலையை அகலப்படுத்தியதையும், மேம்பாலத் தூண்கள் முளைத்ததையும், பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்ததையும் பார்த்துப் பார்த்துத்தானே நமக்கு வயதாகியிருக்கிறது?

பிறகு தீபம் கிளம்புகிறது. கிரேக்கத்தில் ஏற்றிய சுடர் ஆசிய நாடுகள் பலவற்றைக் கடந்து, நம் தில்லியையும் தொட்டு, ஜப்பானுக்குப் போய் ஹிரோஷிமா வழியாகவும் ஓடுகிறது. 1964 அக்டோபர் 10-ஆம் தேதி டோக்கியோ மைதானத்தில் கொப்பரையில் தீயை ஏற்றியவர் யோஷினோரி சாகாய் என்ற பத்தொன்பது வயது மாணவர். அவர் பிறந்த தேதி 1945 ஆகஸ்ட் 6. பிறந்தது ஹிரோஷிமா மாவட்டத்தில். அணுகுண்டு விழுந்த அதே நாள். அந்தப் பையன் படிகளில் ஏறி நின்றதைவிடப் பெரிய அறிக்கையை எந்த அரசும் எழுதியிருக்க முடியாது.

இந்தப் படத்தை முதலில் எடுக்க இருந்தவர் அகிரா குரோசாவா. செலவிலும் உரிமையிலும் ஒத்துவராமல் அவர் விலகிக்கொண்டார். பொறுப்பு இச்சிகாவாவிடம் வந்தது. அதற்கு முன் அவர் விளையாட்டுப் படம் எடுத்துப் பெயர் வாங்கியவர் அல்லர். போரில் தோற்று, பசித்து, சிதைந்த ஜப்பானியச் சிப்பாய்களைப் பற்றி ‘தி பர்மீஸ் ஹார்ப்’, ‘ஃபயர்ஸ் ஆன் தி பிளெய்ன்’ என்று இரண்டு படங்கள் எடுத்தவர். மனித உடம்பு எங்கே உடைகிறது, எந்த இடத்தில் உடைய மறுக்கிறது என்பதை அந்தப் படங்களில் பார்த்துப் பழகிய கண் அவருடையது. மனைவி நாட்டோ வாடாவும் கவிஞர் ஷுன்தாரோ தானிகாவாவும் உட்பட நான்கு பேர் சேர்ந்து படத்துக்குத் திரைக்கதை எழுதினார்கள். யார் ஜெயிப்பார் என்று தெரியாத நிகழ்ச்சிக்கு எப்படித் திரைக்கதை எழுதுவது? எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்தார்கள். அவர்கள் எழுதியது அதைத்தான்.

நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள், எழுபது மணி நேர அளவுக்குப் படச்சுருள். அதிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தை எடுத்துக் கோத்திருக்கிறார். கணக்கு அவ்வளவுதான். கணக்கைவிட முக்கியமானது அவர் பயன்படுத்திய தொலைநோக்கு லென்சு. அது என்ன செய்யும் என்பதை நம் ஸ்டேஷனை வைத்தே விளக்குகிறேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் பிளாட்ஃபாரத்தின் வடக்கு முனையில் சாயங்கால நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? பீச்சிலிருந்து வரும் மின்ரயிலின் விளக்கு சானடோரியம் பக்கம் தெரியும். வெகுநேரம் அது அதே இடத்தில் நிற்பது போலவே இருக்கும். பெரிதாகவும் ஆகாது, அசையவும் அசையாது. ஆனால் வந்துகொண்டேதான் இருக்கிறது. 1931-இல் இந்தப் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கும் காட்சி இது. தூரத்தில் இருப்பதைத் தொலைநோக்கு லென்சு அருகே இழுக்கும்போது நடப்பதும் இதுதான். ஓடுகிறவன் நம்மை நோக்கி ஓடி ஓடி வருகிறான், ஆனால் தூரம் குறைவதில்லை. அவன் கன்னச் சதை குலுங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, இடம் மட்டும் மாறவில்லை. பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தால் ஓட்டம் என்பது வேகம். அந்த லென்சின் வழியாகப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிகிறது.

வேகத்தை அளக்கவே பழகிய என் போன்றவர்களுக்கு அந்தப் பாட்டைக் காட்டிய படம் இது. இகுகோ யோதா என்ற ஜப்பானிய வீராங்கனை தடை ஓட்டத்துக்கு முன் தனியாக என்னென்னவோ செய்கிறார். குட்டிக்கரணம் போடுகிறார், நெற்றியில் எதையோ தடவிக்கொள்கிறார், விசிலடிக்கிறார். ஒரு சோவியத் வீரர் இரும்புக் குண்டை எறிவதற்கு முன் அதைத் தேய்க்கிறார், கையை மாற்றுகிறார், சட்டையை இழுக்கிறார், மறுபடியும் தேய்க்கிறார். இந்தப் பதற்றத்தை நான் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிட்டுவிட்டு மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளும் பெண், ஷூ லேஸை மூன்று முறை அவிழ்த்துக் கட்டும் பையன். “சீக்கிரம் நில்லு” என்று விரட்டியிருக்கிறேனே தவிர, அதுவும் போட்டியின் ஒரு பகுதி என்று நான் நினைத்ததில்லை.

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலிருந்து வந்த அகமது இசா என்ற எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரரைப் படம் தனியாகப் பின்தொடர்கிறது. அவருக்கு வயது இருபத்திரண்டு. அவருடைய நாட்டுக்கு வயது நான்கு. 1960-இல்தான் சாட் விடுதலை பெற்றது. ஒலிம்பிக் கிராமத்தின் பெரிய உணவுக்கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். சுற்றிலும் கூட்டமும் சிரிப்பும். அவர் மொழியில் பேச ஆளில்லை. அவர் அரையிறுதி வரை போகிறார், அதற்கு மேல் போகவில்லை. பதக்கப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் எவரும் அந்தச் சாப்பாட்டு மேசையை மறக்கமாட்டார்கள். ஊரை விட்டு வந்து, விடுதியில் தட்டோடு தனியாக உட்கார்ந்த முதல் நாளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1937-இல் தாம்பரத்துக்கு வந்த நம் கிறித்துவக் கல்லூரியின் விடுதிகளில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்!

ஒலிம்பிக்கைப் படமாக்கியதில் இச்சிகாவாவுக்கு முன்னோடி உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை லெனி ரீஃபன்ஸ்தால் ‘ஒலிம்பியா’ என்ற பெயரில் இரண்டு பாகங்களாக எடுத்தார். களத்தின் ஓரத்தில் குழி தோண்டி உள்ளிருந்து எடுத்தார், தண்டவாளம் போட்டுக் கேமராவை ஓட்டினார், நீச்சல் குளத்தில் தண்ணீருக்கடியில் கேமராவை இறக்கினார். இன்றைய விளையாட்டு ஒளிபரப்பின் பல உத்திகளுக்கு அந்தப் படம் தாய்வீடு.  கறுப்பினத்தவரான ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றதையும் அந்தப் படம் மறைக்கவில்லை. ஆனால் படத்துக்குப் பணம் கொடுத்தது நாஜி அரசு. முதல் காட்சி 1938-இல் ஹிட்லரின் பிறந்தநாளில் நடந்தது. அந்தப் படத்தின் உடம்புகள் சிலைபோல் இருக்கின்றன. வியர்வைகூட எண்ணெய் பூசியது போல் மின்னுகிறது. பிசகும் உடம்புக்கும் பின்தங்கும் உடம்புக்கும் அந்த அழகில் பெரிய இடம் கிடையாது. அப்படி ஒரு அழகை மட்டுமே வழிபட்ட அரசு, பிசகியவர்கள் என்று தான் கருதியவர்களை என்ன செய்தது என்பது வரலாறு.

இச்சிகாவா அந்த உத்திகளைக் கற்றுக்கொண்டார், கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பினார். அந்தக் கண் எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். இருபத்தைந்து சுற்றுகள். உலக சாதனையாளர் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஜெயிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அமெரிக்கப் பழங்குடியான லகோட்டா இனத்தைச் சேர்ந்த பில்லி மில்ஸை யாரும் கணக்கில் வைக்கவில்லை. கடைசிச் சுற்றில் பின்தங்கியவர்களின் ஊடே புகுந்து, துனீசியாவின் கம்மூடியையும் கிளார்க்கையும் கடந்து, 28 நிமிடம் 24.4 விநாடியில் மில்ஸ் நாடாவை அறுத்தார். ஒலிம்பிக் வரலாற்றின் பெரிய ஆச்சரியங்களில் அது ஒன்று. எந்தக் கேமராவும் அங்கேயே நின்றிருக்கும். ஜெயித்தவரைச் சுற்றி வந்திருக்கும். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் முடித்தார்கள். சிலர் நடுவிலேயே விலகியிருந்தார்கள்.

டிராக்கில் ஒரே ஒருவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். மார்பில் எண் 67. இலங்கையைச் சேர்ந்த ரணதுங்கே கருணானந்தா. அந்நாட்டு ராணுவத்தைச் சேர்ந்தவர். நமக்குக் கடல் தாண்டினால் அவர் ஊர். மற்றவர்கள் அவரைச் சுற்று மேல் சுற்றாகக் கடந்து போயிருந்தார்கள். எல்லோரும் முடித்த பிறகு அவர் கோட்டைத் தாண்டியபோது, அவரும் முடித்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். அவர் நிற்கவில்லை. இன்னொரு சுற்று போனார். மாடத்தில் சிரிப்பும் கேலியும் கேட்டன. மறுபடியும் கோட்டைத் தாண்டினார், மறுபடியும் நிற்கவில்லை. அப்போது சிரிப்பு அடங்கியது. பிறகு கைதட்டல் எழுந்தது. அவர் கடைசியாக முடித்தபோது எழுந்த ஆரவாரம், ஜெயித்தவருக்குக் கிடைத்ததற்குச் சற்றும் குறைவில்லை. மில்ஸ் முடித்து ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் ஆகியிருந்தன.

நான் எழுந்து நின்றது அந்த இடத்தில்தான். “சார், இன்னும் ரெண்டு ரவுண்டுதான் சார்” என்ற குரல் எனக்கு அப்போது கேட்டது. டோக்கியோவிலும் ஒரு நடுவர் நின்றிருந்தாரே, அவர் விசில் ஊதவில்லை. கேமராக்காரரும் படச்சுருள் வீணாகிறது என்று பொத்தானை அணைக்கவில்லை. காத்திருந்தார். அவர் காத்திருந்ததால்தான் இன்று தாம்பரத்தில் இருக்கும் நாம் கருணானந்தாவைப் பற்றிப் பேசுகிறோம். அவருடைய கதையை ஜப்பானில் பள்ளிப் பாடநூலில் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாடு தன் குழந்தைகளுக்குப் பாடமாக வைத்தது கடைசியாக வந்த அயல்நாட்டவரை.

இந்தப் படத்தின் மாரத்தான் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா, 1960-இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றவர். டோக்கியோவுக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இரண்டாம் முறையும் அவரே வென்றார், இரண்டாவதாக வந்தவரைவிட நான்கு நிமிடங்களுக்கும் மேல் முன்னால். கேமரா அவர் முகத்தை வெகுநேரம் விடுவதில்லை. அந்த முகத்தில் களைப்போ களிப்போ எதுவும் இல்லை. ஓட்டத்தை முடித்துவிட்டு, இன்னும் ஓடலாம் என்பதுபோல் புல்தரையில் உடற்பயிற்சி செய்தார். ஆனால் அதே பகுதியில் படம் மற்றவர்களிடமும் போகிறது. தண்ணீர் மேசையில் நின்று கோப்பை கோப்பையாகக் குடிப்பவர், தசை பிடித்து உட்கார்ந்துவிட்டவர், கொப்புளம் வெடித்த பாதம்.

அவர்களில் ஒருவர் ஜப்பானின் கோகிச்சி சுபுராயா. மைதானத்துக்குள் இரண்டாவதாக நுழைந்தார். சொந்த மண்ணில், சொந்த மக்களின் கண்முன்னே, கடைசிச் சுற்றில் பிரிட்டனின் பேசில் ஹீட்லி அவரைக் கடந்து போனார். சுபுராயாவுக்கு வெண்கலம். அந்த ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகளில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. ஆனால் இழந்த ஓர் இடம் அவர் மனத்தில் பாரமாக இறங்கிவிட்டது. அடுத்த ஒலிம்பிக்கில் சரிசெய்துவிட வேண்டும் என்று உழைத்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1968 தொடக்கத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். படம் எடுத்தபோது இச்சிகாவாவுக்கு இது தெரியாது. தெரியாமலே அந்த முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஒவ்வொருவரும், பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் அந்த முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

படம் முடிந்து போட்டுக் காட்டியபோது ஜப்பானில் பெரிய சண்டை மூண்டது. ஒலிம்பிக் பொறுப்பிலிருந்த அமைச்சர் இச்சிரோ கோனோ, இது கலையாக இருக்கலாம், பதிவாக இல்லை என்று குறைப்பட்டார். ஜப்பான் வென்ற பதக்கங்கள் எங்கே, புதிதாகக் கட்டிய அரங்கங்கள் எங்கே என்பது அரசுத் தரப்பின் கேள்வி. ஹிதேகோ தகாமினே என்ற புகழ்பெற்ற நடிகை இச்சிகாவாவுக்காக வெளிப்படையாக வாதாடினார். மக்கள் தங்கள் தீர்ப்பை டிக்கெட்டாகக் கொடுத்தார்கள். ஜப்பானில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் படத்தைப் பார்த்தார்கள். அதே படச்சுருள்களிலிருந்து பதிவுக்கென்று இன்னொரு படத்தையும் பிறகு தொகுத்து வெளியிட்டார்கள். உலகம் இன்றுவரை எடுத்துப் பார்ப்பது இச்சிகாவாவின் படத்தைத்தான்.

அமைச்சரின் கேள்வியை நான் ஏளனம் செய்யமாட்டேன். முடிவுகளைப் பதிவது தேவையான வேலை. என் வாழ்க்கையே அந்த வேலையில்தான் கழிந்தது. 1964-இல் ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. சரண்ஜித் சிங் தலைமையிலான அந்த அணியில் நம் சென்னைக்காரர் வி.ஜே. பீட்டர் இருந்தார். 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடி வெள்ளி, தங்கம், வெண்கலம் மூன்றையும் பெற்றவர். பதிவேடு இல்லாவிட்டால் இதுகூட நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பீட்டர் பந்தை எப்படி எடுத்துக்கொண்டு ஓடினார், ஆட்டத்துக்கு முன் என்ன செய்வார், தோற்ற நாளில் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்? நம் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரைப் பற்றி இந்தக் கேள்விகளுக்குப் பதிவேடு பதில் சொல்லாது. அதற்கு ஒருவர் கேமராவோடு அருகில் காத்திருந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கும் பன்னாட்டுப் போட்டிகள் வந்திருக்கின்றன. வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி எழுந்தது. 2022 ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் 10 வரை, இங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் எட்டிவிடும் மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரைப் பொம்மை ஊரெல்லாம் கைகூப்பி நின்றது. நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகையானது. உஸ்பெகிஸ்தான் பொதுப் பிரிவிலும் உக்ரைன் பெண்கள் பிரிவிலும் தங்கம் வென்றன. நமக்கு இரண்டு பிரிவிலும் வெண்கலம்.

இச்சிகாவா பூஞ்சேரிக்கு வந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. பாலஸ்தீனத்திலிருந்து வந்திருந்த எட்டு வயதுச் சிறுமியின் கால்கள் நாற்காலியிலிருந்து தரையைத் தொட்டனவா என்று பார்த்திருப்பார். பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் ஆடி, அணியோடு வெண்கலம் வென்ற ஹரிகா துரோணவல்லி, பலகையைப் பார்க்க முன்னால் சாய முடியாமல் எப்படி உட்கார்ந்தார் என்று பார்த்திருப்பார். பத்தாவது சுற்றில் குகேஷ் பக்கத்தில் கட்டாயம் கேமராவை நிறுத்தியிருப்பார்.

அந்தச் சுற்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பதினாறு வயதுப் பையன். முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்தான். இந்தியாவின் இரண்டாம் அணியைத் தங்கத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்தான். பரபரப்பில் ஒரு தவறான நகர்வு, ஆட்டம் கைவிட்டுப் போனது. முடிந்த பிறகு எழுந்து போகவில்லை. தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு பலகைக்கு முன் அப்படியே உட்கார்ந்திருந்தான். இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவன் உலகச் சாம்பியன். அந்த வெற்றிக் கண்ணீரை நாம் எத்தனை முறை போட்டுப் பார்த்தோம்! அந்தக் கண்ணீர் ஊறத் தொடங்கிய இடம் பூஞ்சேரியின் நாற்காலி என்று நான் நம்புகிறேன். சிங்கப்பூரை அறிய வேண்டுமானால் பூஞ்சேரியில் காத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்து எடுத்த ஒரு படம் நம்மிடமும் உண்டு. இயன் மெக்டொனால்ட் இயக்கிய ‘அல்காரிதம்ஸ்’. 2012-இல் வந்தது. கண் பார்வையற்ற இந்திய இளைஞர்கள் பார்வையற்றோருக்கான உலக இளையோர் சதுரங்கப் போட்டிக்குத் தயாராவதையும் அங்கே போய் ஆடுவதையும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த கறுப்பு வெள்ளைப் படம். அவர்களில் ஒருவர் நம் சென்னைப் பிள்ளை. பார்வையற்றோர் ஆடும்போது ஆளுக்கொரு பலகை. காய்களின் அடியில் ஆணி, பலகையில் துளை. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். நகர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரல்கள் பலகை முழுவதும் ஊர்ந்து, தொட்டு, மறுபடி தொட்டு யோசிக்கின்றன. அந்த விரல்களைக் கேமரா பார்க்கும் பொறுமை இச்சிகாவாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெயித்தாரா தோற்றாரா என்பதைப் படம் சொல்கிறது. ஆனால் நம் நினைவில் நிற்பவை விரல்கள்.

‘டோக்கியோ ஒலிம்பியாட்’ நிறைவு விழாவோடு முடிகிறது. தொடக்க விழாவில் நாடு வாரியாக, வரிசை பிசகாமல் நடந்தவர்கள், நிறைவு நாளில் கலந்து உள்ளே வருகிறார்கள். ஒருவரை ஒருவர் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். தொடக்க நாளில் வட ரொடீசியா என்ற பெயரில் அணிவகுத்தவர்கள், அன்றைக்கு, அதாவது அக்டோபர் 24-ஆம் தேதி, ஜாம்பியா என்ற புது நாட்டின் கொடியோடு வந்தார்கள். பிறகு தீ அணைகிறது, மறுபடியும் சூரியன். இந்த அமைதி வெறும் கனவாகவே இருந்துவிட வேண்டுமா என்ற பொருளில் ஒரு கேள்வியோடு படம் நம்மை அனுப்பிவைக்கிறது.

அவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்குத் தெரிந்த மைதானத்தைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இங்கே இளைஞர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இச்சிகாவாவின் ஆட்கள் தோளில் சுமந்த கருவிகளைவிடக் கூர்மையான கேமரா உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மேலக்கோட்டையூர் உடற்கல்விப் பல்கலைக்கழக மைதானத்துக்குப் போங்கள், ஏதாவது ஒரு பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழாவுக்குப் போங்கள். நாடா அறுந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை கையைத் தாழ்த்தாதீர்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுப் படத்தோடு சேர்த்து வையுங்கள். முதலில் வந்தவனின் பெயரை யாராவது ஒருவர் எப்படியும் எழுதிவிடுவார்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். கடைசியாக வரும் பிள்ளையைக் கண்டு நாம் பரிதாபப்படத் தேவையில்லை. கருணானந்தா பரிதாபத்தைக் கேட்கவில்லை. இருபத்தைந்து சுற்று ஓட வந்தார், இருபத்தைந்து சுற்று ஓடினார். நம்மிடம் அவர் எதிர்பார்த்தது அந்தச் சுற்றுகளை எண்ணுவதை மட்டும்தான்.

அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு விழா. முடிவுக்கோட்டில் நிற்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லி, ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் முடியும்வரை சுண்ணாம்புத் தூள் வாளியை யாரும் டிராக் பக்கம் கொண்டுவரக் கூடாது. சரி என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை என் கையிலுள்ள ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். இந்த முறை நான்காவது பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை எல்லாவற்றையும் எழுதுவேன்.